நாலு சுற்று முடிந்த பிறகு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. பேரன் நடக்க ஆரம்பித்துவிட்டான் என்ற சேதி படித்து மிகவும் மகிழ்ந்தேன். கூப்பிடு தூரத்தில் பூங்கா இருந்தும் பத்தே நாளில் சலித்துவிட்டது என்று எழுதியிருந்தாயே, அதற்குத்தான் இந்தப் பதில். நாலு சுற்று, வியர்வை, வீடு. மறுநாளும் அதே நாலு சுற்று என்றால் யாருக்கும் சலிக்கும். நீ இதுவரை பூங்காவின் பாதையை மட்டும்தான் பார்த்திருக்கிறாய். ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், தினம் கால்மணி உட்கார்ந்து பார். அதனால் பெஞ்சைப் பற்றி முதலில் எழுதுகிறேன். நடை பின்னால் வரட்டும்.

காலியாக இருக்கிறதே என்று எந்தப் பெஞ்சிலும் போய் உட்காராதே. நாலைந்தைச் சோதித்துவிட்டு ஒன்றை உனதாக்கிக்கொள். முதலில் பார்க்க வேண்டியது நிழல். காலையில் போகிறவனுக்கு மரம் பெஞ்சுக்குக் கிழக்கே நிற்க வேண்டும், மாலையில் போகிறவனுக்கு மேற்கே. நடுப்பகலில் நிழல் விழுவதைப் பார்த்து மாலைக்கு இடம் பிடித்தால் ஏமாந்து போவாய். சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. நீ போகும் நேரத்தில் அந்த நிழல் புல்வெளியில் கிடக்கும். சூரியன் வடக்கும் தெற்குமாகச் சாய்வதால் மாதத்துக்கு ஒருமுறை இதைத் திரும்பப் பார்த்துக்கொள். வெயிலின் கடுமையை அறிய உன் நிழலே போதும். அது உன் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் தோலைச் சுடும் புற ஊதாக்கதிர் வலுவாக இருக்கிறது என்று பொருள். அந்த நேரத்தில் திறந்தவெளி வேண்டாம்.

அடுத்தது முதுகுப் பக்கம். பின்னால் புதரோ சுவரோ தடித்த அடிமரமோ இருக்க வேண்டும், முன்னால் பார்வை தூரம் போக வேண்டும். ஜே ஆப்பிள்டன் என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் 1975இல் இதை ஒரு கோட்பாடாகவே சொன்னார்: தன்னை மறைத்துக்கொண்டு பிறவற்றைப் பார்க்க முடிகிற இடமே மனிதனுக்கு இதமாக இருக்கிறது. பாதை முதுகுக்குப் பின்னால் போகிற பெஞ்சில் உட்கார்ந்து பார், காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை தானாகத் திரும்பும். ஐந்து நிமிடத்தில் எழுந்துவிடுவாய், எதனால் என்று தெரியாது.

முட்டி வலி என்று எழுதியிருக்கிறாய். உட்காரும் பலகை தரையிலிருந்து ஏறக்குறைய 45 செ.மீ. இருந்தால் எழுவது சுலபம். அதைவிடத் தாழ்ந்த சிமெண்ட் திண்டுகள் பார்க்க அழகு. எழும்போது பாரம் முழுதும் முட்டியில் இறங்கும். கைப்பிடி வைத்த பெஞ்சு கிடைத்தால் விடாதே. உங்கள் பூங்காவில் நகர்த்தக்கூடிய நாற்காலிகள் இருக்கின்றனவா? நியூயார்க்கின் பொது இடங்களைப் படம்பிடித்து ஆராய்ந்த வில்லியம் வைட் ஒன்றைக் கவனித்தார். ஆட்கள் உட்காருவதற்கு முன் நாற்காலியைச் சில அங்குலமாவது நகர்த்திவிட்டுத்தான் உட்காருகிறார்கள். நிழலுக்காகவும் இல்லை, பார்வைக்காகவும் இல்லை. நமக்கென்று ஓர் இடத்தை நாமே அமைத்துக்கொள்ளும் சின்னச் சுதந்திரம் அது. 1992இல் அங்கே பிரையன்ட் பூங்காவைப் புதுப்பித்துத் திறந்தபோது இப்படிப்பட்ட நாற்காலிகளைத்தான் போட்டார்கள்.

உட்கார்ந்ததும் எதுவும் நடக்காது. அதற்கு மனதைத் தயார்ப்படுத்திக்கொள். ஆள் வந்த அரவத்தில் பறவைகள் அடங்கிப்போயிருக்கும், அணில் மரத்தின் மறுபக்கம் ஒட்டிக்கொண்டிருக்கும். பத்து நிமிடம் அசையாமல் இருந்தால் ஒவ்வொன்றாகத் திரும்பி வரும். பெரும்பாலானவர்கள் ஏழாவது நிமிடத்தில் கைபேசியை எடுக்கிறார்கள் என்பதுதான் என் வருத்தம். குரல் எங்கிருந்து வருகிறது என்று தெரியாவிட்டால் இரண்டு உள்ளங்கைகளையும் குவித்துக் காதுக்குப் பின்னால் வை. முன்னாலிருந்து வரும் சத்தம் சட்டென்று தெளியும். பறவைக்கு உகந்த நேரம் விடிந்த முதல் ஒரு மணி. ஆல், அரசு, அத்தி இவற்றில் ஏதேனும் ஒன்று பழுத்திருந்தால் நேரமெல்லாம் பார்க்க வேண்டாம், நேராக அதன் கீழ் போய்விடு.

மகன் வாங்கித் தந்த இருநோக்கியில் (பைனாகுலரில்) எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது என்றாயே, கண்ணாடிகளின் இடைவெளி உன் கண்களுக்குப் பொருந்தவில்லை. நடுவில் மடக்கி விரித்து இரண்டு வட்டமும் ஒன்றாகும் வரை சரிசெய். பிறகும் இரட்டையாகவே தெரிந்தால் அது கீழே விழுந்து உள்ளே கோணியிருக்கலாம், பழுதுபார்க்கக் கொடு. ஒன்றானபின் வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் தூரத்துக் கிளையொன்றைப் பார்த்து நடுச்சக்கரத்தைத் திருகித் தெளிவாக்கு. இப்போது இடக்கண்ணை மூடி, அதே கிளையை வலக்கண்ணால் பார்த்து, வலது கண் பக்கம் இருக்கும் வளையத்தை மட்டும் திருகு. அந்த வளையத்தை இனிமேல் தொடவே வேண்டாம். நீ மூக்குக் கண்ணாடி போடுகிறவன், ஆகவே கண் வைக்கும் ரப்பர்க் கிண்ணங்களை உள்ளே இறக்கிவிடு, இல்லையென்றால் ஓரமெல்லாம் கறுப்பாகத் தெரியும். மேலே 8x42 என்று எழுதியிருந்தால் எட்டு மடங்கு பெரிதாகக் காட்டும், முன்கண்ணாடியின் விட்டம் 42 மி.மீ. என்று அர்த்தம், பூங்காவுக்கு அது போதும். பறவை கண்ணில் பட்டதும் குனிந்து கருவியைத் தேடாதே. பார்வையைப் பறவைமேலேயே வைத்துக்கொண்டு கருவியைக் கண்ணுக்குத் தூக்கு. புதிதாய்ப் பார்க்கிறவர்கள் தவறவிடுவது இந்த இடத்தில்தான்.

மரம் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு இதில்தான் ஆசை அதிகம். பூங்காவிலுள்ள எல்லா மரத்தையும் தெரிந்துகொள்ளப் பார்க்காதே. ஒரே ஒரு மரத்தை எடுத்துக்கொள். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி அளவுநாடாவைத் தளர்வில்லாமல் பிடி. அந்தச் சுற்றளவை 3.14ஆல் வகுத்தால் விட்டம். அதற்குக் கீழேயே கவை பிரிந்தால், பிரிவுக்குக் கீழே மிக ஒடுங்கிய இடத்தில் அள. சரிவான தரையென்றால் மேட்டுப் பக்கத்திலிருந்து உயரத்தைக் கணக்கிடு. மரத்தின் உயரத்துக்கு ஏணி வேண்டாம், ஒரு குச்சி போதும். கையை நேராக நீட்டி, கண்ணிலிருந்து முஷ்டி வரை எவ்வளவு தூரமோ அவ்வளவு நீளம் குச்சி முஷ்டிக்கு மேல் இருக்குமாறு செங்குத்தாகப் பிடி. பின்னால் நடந்துகொண்டே போ. குச்சி நுனி மர உச்சியோடும் முஷ்டி அடிமரத்தோடும் பொருந்தும் இடத்தில் நில். அங்கிருந்து மரம் வரை உள்ள தூரம்தான் மரத்தின் உயரம். பரந்து விரிந்த மரமென்றால் உன் பக்கம் நீண்ட கிளையை உச்சி என்று எண்ணி உயரத்தைக் கூட்டிவிடுவாய், அதை மட்டும் பார்த்துக்கொள்.

பட்டையில் சாம்பல் பச்சையாகப் படை போல ஒட்டியிருப்பது நோயில்லை, லைக்கன். பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர் அது, மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. அதைச் சுரண்டி எடுப்பது வீண்வேலை. வேர் இல்லாததால் தேவையானதைக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. காற்று கெட்டால் முதலில் மறைவதும் அதனால்தான். 1866இலேயே நைலாண்டர் என்ற தாவரவியலாளர், பாரிஸ் நகரில் மற்ற இடங்களில் அற்றுப்போன லைக்கன்கள் லக்சம்பர்க் பூங்காவில் மட்டும் இருப்பதைக் கண்டு எழுதினார். உன் மரத்தில் சாலையைப் பார்த்த பக்கமும் உட்புறம் பார்த்த பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று பார். வேறாக இருந்தால் உடனே புகைமேல் பழி போட்டுவிடாதே, வெயிலும் ஈரமும்கூட வித்தியாசத்தை உண்டாக்கும்.

தூங்குமூஞ்சி மரம் இருந்தால் மாலையில் அதன்கீழ் உட்கார். வெளிச்சம் குறையக் குறைய இலைகள் மடிந்து மேலே வானம் திறப்பதைக் கண்ணாலேயே காணலாம். ஒரு சிறு நோட்டில் நாளைப் போட்டுத் துளிர், முதல் பூ, காய், இலையுதிர்வு என்று ஒரு வரி எழுதி வா. கியோட்டோவில் செர்ரி பூக்கும் நாட்களுக்கான குறிப்புகள் 9ஆம் நூற்றாண்டிலிருந்தே கிடைக்கின்றன. அண்மைக் காலத்தில் பூக்கும் நாள் முன்தள்ளி வந்துவிட்டதை அவற்றை வைத்துத்தான் சொல்ல முடிகிறது. வரி சின்னதாக இருக்கலாம், தேதி விடுபடக்கூடாது.

நடைக்கு ஒரு கணக்கு. உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரம் 150 நிமிட மிதமான உழைப்பாவது வேண்டும் என்கிறது. ஆறு நாள், நாளுக்கு 25 நிமிடம் என்றால் சரியாக வந்துவிடும், உட்காரும் கால்மணி தனி. மிதம் என்பது பேச முடிய வேண்டும், பாட முடியக்கூடாது. காலடிக் கணக்கில் நிமிடத்துக்கு 100 அளவில் இருக்கும். இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் விவரங்களைக் கொண்டு 2019இல் வந்த ஓர் ஆய்வில், வாரம் 120 நிமிடமாவது இயற்கையான இடங்களில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொன்னது அதிகம். அந்த நேரம் ஒரே நாளிலா பல நாளிலா என்பதில் வேறுபாடு தெரியவில்லை. இது தொடர்பைத்தான் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. ஆனாலும் இரண்டு நாள் தவறிவிட்டது என்று நீ மனம் சோரத் தேவையில்லை.

சுற்றின் நீளத்துக்குக் கைபேசியை முழுதாக நம்பாதே, அடர்ந்த மரங்களுக்குக் கீழே அது தடுமாறும். பத்து மீட்டரை அளந்து அதில் எத்தனை காலடி விழுகிறது என்று பார்த்து, பத்தை அதால் வகுத்து ஒரு காலடியின் நீளத்தைத் தெரிந்துகொள்; பிறகு ஒரு சுற்றின் காலடிகளை எண்ணி அந்த நீளத்தால் பெருக்கிக்கொள். ஒருநாள் வலச்சுற்று, மறுநாள் இடச்சுற்று போ. கால்கள் இரண்டுக்கும் வளைவின் பாரம் மாறி விழும். இத்தனை நாள் முதுகுப் பக்கம் இருந்ததெல்லாம் முகத்துக்கு நேரே வரும். வேர் தூக்கிய கற்பலகைகளிலும், மழைக்குப் பிறகு நிழலில் பாசி பிடித்த இடங்களிலும் வேகத்தைக் குறை. பலத்த காற்றடித்த மறுநாள் பட்டுப்போன கிளையுள்ள மரத்தடியில் உட்காராதே. இடி கேட்டால் மரத்தடியை விட்டுக் கட்டடத்துக்குள் போய்விடு.

பேரன் விஷயத்தில் ஒன்றை அவசியம் கேள். சறுக்குமரத்தில் அவனை மடியில் வைத்துக்கொண்டு நீ சறுக்காதே. பாதுகாப்பு என்று நினைத்துத்தான் எல்லோரும் செய்கிறார்கள். குழந்தையின் கால் ஓரத்தில் மாட்டிக்கொண்டால், பெரியவரின் எடையும் சேர்ந்து தள்ளுவதால் எலும்பு முறிந்துவிடும். அவன் தனியாகச் சறுக்கட்டும், நீ பக்கத்தில் நில். அதற்குமுன் புறங்கையைச் சறுக்குப் பரப்பில் வைத்துப் பார். உனக்குச் சுட்டால் அவனுக்கும் சுடும். உலோகம் மட்டுமல்ல, பிளாஸ்டிக்கும் தரையில் விரித்த ரப்பரும் வெயிலில் கொதிக்கும்.

குறுக்குவழியாகப் புல்வெளியில் தினம் நடக்கிறார்கள் என்று குறைப்பட்டிருந்தாய். நியாயமான கவலைதான். மரத்துக்கு நீரும் சத்தும் எடுத்துத் தரும் நுண்வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே படர்ந்திருக்கின்றன, கிளைப்பரப்பையும் தாண்டிப் போகின்றன. மிதி பட்டு மண் இறுகினால் காற்றும் நீரும் உள்ளே இறங்காது. உச்சிக் கிளைகள் காய்வது பல வருடம் கழித்துத் தெரியும், அப்போது யாரும் நடையைச் சந்தேகிக்க மாட்டார்கள். பலகை வைத்துத் தடுப்பதைவிட, ஆட்கள் தேய்த்த தடம் எங்கே போகிறதோ அங்கேயே பாதை போட்டுவிடச் சொல்லிப் பூங்கா நிர்வாகத்துக்கு எழுது. எந்த வாசலிலிருந்து எந்த வாசலுக்கு, தடம் எத்தனை அடி நீளம், எந்த மரத்தின் கீழ் போகிறது என்பதைப் புகைப்படத்தோடு குறிப்பிடு. "பராமரிப்பு சரியில்லை" என்று பொதுவாக எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

உன் மரம் எது என்று அடுத்த கடிதத்தில் எழுது. சுற்றளவை எழுதும்போது நாடா பிடித்த உயரத்தையும் சேர்த்துப் போடு. அதே உயரத்தில் அளக்காவிட்டால் அடுத்த வருட அளவோடு ஒப்பிட முடியாது.

அன்புடன்,
உன் நண்பன்