அந்த மண்கோட்டையில் நீ சொல்ல வந்தது

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். பெரியம்மா முட்டி ஆபரேஷன் முடிந்து கம்பு ஊன்றி நடக்கிறாள். மேலத்தெரு வீட்டு விவகாரம் இழுத்துக்கொண்டே போகிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? போன வாரம் வீடியோவில் முகம் வற்றித் தெரிந்தது. வெளிச்சம் சரியில்லை என்றாய். சரி. மாப்பிள்ளையை நாலு வாரமாக வீடியோவில் பார்க்கவில்லை. வேலை அதிகம் என்றாய். அதுவும் சரி. பனியில் ராத்திரி நேரத்தில் வண்டி எடுக்காதே.

போன செப்டம்பரில் டென்வரிலிருந்து மூன்று மணி நேரம் ஓட்டிக்கொண்டு போய் நீ காட்டினாயே, லா ஹுண்டா பக்கத்துப் பெண்ட் கோட்டை, அதுவே மனதில் சுற்றுகிறது. நாற்பது வருடம் கட்டட வேலையில் இருந்தவன் நான், மண்சுவரைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? வேகாத பச்சைக்கல், மேலே மண்பூச்சு. சுவரில் வைக்கோல் துணுக்கு நீட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் கீறியதும் நீ, "அப்பா, தொடாதீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டாய். உன் கை சில்லென்று இருந்தது.

1833-ல் வில்லியம் பெண்ட், அவர் அண்ணன் சார்லஸ், கூட்டாளி செயின்ட் வ்ரெய்ன் மூன்று பேரும் சேர்ந்து கட்டியது. மெக்சிகோவிலிருந்து ஆள் வரவழைத்துக் கல் அறுத்தார்கள். ஆர்கன்சா ஆற்றுக்கு அந்தக் கரை அப்போது மெக்சிகோ. அந்தப் பக்கத்துச் சாண்டா ஃபே ஊருக்குப் போகிற வண்டிகளுக்கு இதுதான் தங்குமிடம். ஷையென், அரப்பாஹோ பழங்குடி மக்கள் எருமைத்தோல் கொண்டுவந்து போட்டுவிட்டுத் துணி, பாத்திரம், துப்பாக்கி வாங்கிப்போவார்கள். தோலை அமுக்கிக் கட்டுகிற அந்த மரப்பொறி முற்றத்து நடுவில் நின்றது. அதைச் சுற்றி மயில் உலாத்தியதைப் பார்த்ததும் எனக்கு நம் ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

16 வருடம்தான் ஓடியது அந்த வியாபாரம். 1847-ல் சார்லஸை நியூ மெக்சிகோவின் தாவோஸ் ஊரில் நடந்த கலகத்தில் கொன்றுவிட்டார்கள். 1849-ல் காலரா. அந்த வருடமே கோட்டை அழிந்தது. வில்லியமே தீ வைத்தார் என்றுதான் சொல்கிறார்கள். அப்படியானால் இன்று நாம் பார்த்தது எப்படி நிற்கிறது? ஏபர்ட் என்றொரு ராணுவ அதிகாரி 1846-ல் அங்கே நோயில் படுத்தவர், கொஞ்சம் எழுந்து நடமாட ஆரம்பித்ததும் அறை அறையாக அளந்து படம் போட்டு வைத்தார். 1960-களில் தோண்டிக் கடைக்காலைக் கண்டுபிடித்தார்கள். அந்தப் படத்தையும் இதையும் வைத்து, பழையபடி பச்சைக்கல்லிலேயே 1976-ல் எழுப்பினார்கள். மண்சுவர் என்றால் திரும்பத் திரும்பப் பூச வேண்டும். விட்டால் மழை தின்றுவிடும்.

வில்லியம் ஒரு ஷையென் தலைவரின் மகளைக் கட்டியவர். பிள்ளைகளை மிசூரிக்கு அனுப்பிப் படிக்கவைத்தார். 1864 நவம்பர் 29 அன்று சேண்ட் கிரீக் ஓடைக்கரையில் அமெரிக்க ராணுவம் ஷையென் குடிசைகளின் மேல் பாய்ந்தபோது, மூத்த மகன் ராபர்ட்டை மிரட்டி வழிகாட்ட வைத்தார்கள். மற்ற பிள்ளைகளில் சிலர் அந்தக் குடிசைகளுக்குள் இருந்தார்கள். அப்பனை வீட்டிலேயே காவலில் வைத்துவிட்டார்கள். பிள்ளைகள் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாமல் அந்த மனுஷன் என்ன பாடு பட்டிருப்பார்! பிள்ளைகள் தப்பினார்கள். செத்தவர்களில் பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும்.

பாலத்துக்குக் கணக்குப் போடுகிற பிள்ளை நீ. தெருவில் யார் கேட்டாலும் சொல்லிக்கொள்வேன். அப்படிப்பட்டவளுக்கு அப்பாவோடு இரண்டு நிமிடத்துக்கு மேல் பேச நேரம் இல்லையா? வேளாவேளைக்குச் சாப்பிடு.

பாப்பா, உன்மேல் பழி போட இதை எழுத உட்காரவில்லை. அன்றைக்கு மேல்மாடித் தாழ்வாரத்து நிழலில் நின்று, "அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாய். நான் சுவரின் கனத்தை முழம் போட்டு அளந்துகொண்டிருந்தேன். "இரு, இந்தப் பக்கம் எத்தனை கல் வரிசை பாரு" என்றேன். நீ எண்ணிச் சொன்னாய். அப்புறம் ஒன்றுமே சொல்லவில்லை. திரும்பும்போது மூன்று மணி நேரமும் நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். மாப்பிள்ளை ஏன் வரவில்லை என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்தேன். அதுதான் உண்மை.

கல்யாணமான வருடம் அழுதுகொண்டே போன் செய்தாய். "கொஞ்சம் அனுசரித்துப் போ" என்று சொல்லி வைத்துவிட்டேன். அம்மாவுக்குக்கூட இன்றுவரை சொல்லவில்லை. சின்ன மாமா வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகும் அப்படிச் சொன்னேனே, அதை நினைத்தால் தூக்கம் வருவதில்லை.

ஞாயிறு காலை ஏழு மணிக்கு அம்மா கோயிலுக்குப் போனால் வர எட்டரை ஆகும். உனக்கு அது சனிக்கிழமை ராத்திரி. வீடியோ வேண்டாம், சும்மா போன் போதும். நீ முடிக்கிற வரைக்கும் நான் வாய் திறக்க மாட்டேன். உன் அறையைச் சுத்தம் செய்து ஜன்னல் திறந்து வைத்திருக்கிறேன். டிக்கெட் பணம் என்னிடம் இருக்கிறது.

அப்பா