பேரன் முதல் சம்பளம் வாங்கினான்

சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா
17 ஆகஸ்ட் 2025

அன்புள்ள வாத்தியாருக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. தாமதத்தை மன்னித்துக்கொள். ஆடி முழுக்கக் கோயில் வேலை. மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சும் பொறுப்பை இந்த வருஷமும் எங்கள் தெருவிடம்தான் கொடுத்தார்கள். அண்டாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு இன்றைக்குத்தான் நாற்காலியில் உட்காருகிறேன். உன் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று உன் மகள் போனில் சொன்னாள். மனசு குளிர்ந்தது. இருந்தாலும் எழுத்தைக் கொஞ்சம் பெரிசாகவே போடுகிறேன்.

நீ கேட்டிருந்தாய்: "பையன் கார் ஓட்டுகிறான், கார் ஓட்டுகிறான் என்கிறாயே, அது ஒரு தொழிலா? அதில் சோறு உண்டா?" போன மாதம் என்னிடம் பதில் இல்லை. இப்போது இருக்கிறது. பேரன் போன வாரம் முதல் சம்பளம் வாங்கினான். இத்தனை நாள் அவன் ஓட்டுவதற்கு நாங்கள் காசு கட்டினோம். இனி அவன் ஓட்டுவதற்கு அவனுக்குக் காசு தருகிறார்கள். இது இப்படித் திரும்புவதற்குப் பன்னிரண்டு வருஷம் பிடித்தது.

2013இல் அவனுக்கு எட்டு வயசு. கார்ட் என்கிற சின்னப் பந்தய வண்டி, பழசு ஒன்றை வாங்கி, என் பட்டறையில் பிரித்துச் சேர்த்து, பீட்டர்மாரிட்ஸ்பர்க் போகிற வழியில் கேம்பர்டவுன் பக்கம் இருக்கிற இடூபே தடத்துக்குக் கொண்டு போனோம். கார்ட் என்றதும் கடற்கரையில் வாடகைக்கு விடுகிற வண்டியை நினைத்துவிடாதே. அதற்கு ஸ்பிரிங் கிடையாது, இரண்டு சக்கரத்தையும் வேறு வேறு வேகத்தில் சுழல விடுகிற டிஃபரன்ஷியல் கிடையாது. பின்சக்கரம் இரண்டும் ஒரே அச்சில் இறுகப் பூட்டியிருக்கும். வளைவில் உள்பக்கத்துப் பின்சக்கரம் தரையை விட்டு ஒரு நூல் எழும்பினால்தான் வண்டி திரும்பும். ஸ்டியரிங்கை வெட்டுகிற விதத்தில் அதைத் தூக்கி, வளைவு முடிவதற்குள் பதமாக இறக்கிவிட வேண்டும். கொஞ்சம் அதிக நேரம் தூக்கி வைத்தாலும் வேகம் செத்துப்போகும். நாற்பது வருஷம் கார் பழுது பார்த்த எனக்கு இதைக் காகிதத்தில் வரைந்து காட்டத் தெரியும். அந்தப் பிள்ளை இடுப்பால் கற்றுக்கொண்டான்.

கார்புரேட்டர் கதை ஒன்று சொல்ல வேண்டும், நீ மேட்டு நிலத்துக்காரன். உங்கள் ஊர்ப் பக்கம் கடல் மட்டத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு மீட்டர் மேலே. காற்று மெலிசு. காற்று குறைந்தால் பெட்ரோலையும் குறைக்க வேண்டும், அதற்குக் கார்புரேட்டரில் சின்ன ஜெட், அதாவது பெட்ரோல் பாய்கிற சின்னத் துளை, போடுவோம். கீழே இறங்கி வந்தால் பெரிய ஜெட். 2016இல் பிரிட்டோரியாவின் ஸ்வார்ட்காப்ஸில் ஓட்டிவிட்டு வந்து, அடுத்த வாரம் இடூபேயில் வண்டியை இறக்கினோம். ஜெட்டை மாற்ற நான் மறந்துவிட்டேன். டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்குப் பெட்ரோலோடு கலந்து வருகிற எண்ணெய்தான் உயிர். பெட்ரோல் குறைந்தால் எண்ணெயும் குறையும், சூடும் ஏறும். நாலாவது சுற்றில் பிஸ்டன் இறுகிப் பிடித்துக்கொண்டு எஞ்சின் நின்றுபோனது. பதினோரு வயசுப் பிள்ளை அன்றைய பந்தயம் முழுக்க வேலிப் பக்கம் உட்கார்ந்து பார்த்தான். என்னை ஒரு சொல் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஊர், வெயில், ஈரப்பதம், ஜெட் நம்பர், டயர் காற்று எல்லாவற்றையும் அவனே எழுத ஆரம்பித்தான். அந்த நோட்டு இன்னும் என் மேசையில் இருக்கிறது.

2019 நவம்பர் உனக்கு நினைவிருக்கும். ஜோகன்னஸ்பர்க் பக்கத்துக் கயலாமித் தடத்தில் ஒன்பது மணி நேரப் பந்தயம் திரும்பி வந்தது என்று உன் லெனேஷியா வீட்டில் வந்து தங்கினோமே. சாயங்காலம் இடியும் மழையுமாகப் பிடித்துக்கொண்டு, வேகத்தைக் கட்டுப்படுத்த முன்னால் விடுகிற பாதுகாப்பு காரின் பின்னால் அத்தனை கார்களும் எவ்வளவோ நேரம் ஊர்ந்தன. நீ காருக்குப் போய்த் தூங்கிவிட்டாய். பேரன் குடைகூட இல்லாமல் நின்றான். போர்ஷே ஜெயித்தது. ஆனால் திரும்பி வரும்போது அவன் பேசியது ஜெயித்த காரைப் பற்றி இல்லை. "தாத்தா, ஓட்டுநர் மாறுகிறபோது இறங்கினவரே ஏறுகிறவருக்கு பெல்ட் கட்டிவிட்டார், பார்த்தீர்களா?" என்றான். எனக்கு உடம்பு சிலிர்த்தது, வாத்தியாரே.

ஏன் என்று உனக்குத்தான் தெரியும். 1971, நமக்குப் பதினெட்டு வயசு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்கின் ராய் ஹெஸ்கெத் தடத்தில் ஸ்பிரிங்பாக் என்கிற நீண்ட பந்தயத் தொடரின் மூன்று மணி நேர ஓட்டம் பார்க்க பஸ் பிடித்துப் போனோம். அந்தக் கால நிறவெறிச் சட்டம் நமக்கென்று பிரித்துவிட்ட பக்கத்தில், வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அப்போது நான் ஜேக்கப்ஸில் ஒரு பட்டறையில் இருந்தேன். செய்தது மெக்கானிக் வேலை, சம்பளச் சீட்டில் எழுதியது எடுபிடி. அன்றைக்கு ஒருவன் காரிலிருந்து குதித்து, அடுத்தவன் ஏறினதும் குனிந்து அவன் வாரை இழுத்துக் கட்டியதை நானும் வாயைப் பிளந்து பார்த்தேன். அந்தத் தடத்தை 1981இல் மூடிவிட்டார்கள். நாம் வேலிக்கு வெளியே நின்று பார்த்ததை, நாற்பத்தெட்டு வருஷம் கழித்து என் பேரன் பார்த்துச் சொல்கிறான்.

ஆனாலும் அவன் பதினாறு வயசில் ஒற்றை இருக்கை ஃபார்முலா பந்தயக் கனவை விட்டுவிட்டு ஸ்போர்ட்ஸ் கார் பக்கம் போகிறேன் என்றபோது எதிர்த்தது நான்தான். ஈஸ்ட் லண்டன் பையன் ஜோடி ஷெக்டர் 1979இல் ஃபெராரியில் உலகச் சாம்பியன் ஆனதைப் பார்த்த தலைமுறை நாம். ஃபார்முலா ஒன்றுதான் உச்சி, மற்றதெல்லாம் அடிவாரம் என்று என் மனசில் பதிந்துவிட்டது. பட்டறை இருக்கிற மனையை விற்கிறேன் என்றேன். மகன் காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டான். யூரோவுக்குப் பதினேழு, பதினெட்டு ரேண்டு கொடுத்து, படிப்படியாக ஃபார்முலா ஏற, மனையும் வீடும் சேர்த்து விற்றாலும் ஒரு பருவத்துக்குக் காணாது. மூன்று நாள் வீட்டில் பேச்சில்லை.

கடைசியில் பேரனே வந்து பக்கத்தில் உட்கார்ந்து வான் டெர் லிண்ட சகோதரர்களின் பாதையைச் சொன்னான். ஜோகன்னஸ்பர்க் பிள்ளைகள். அப்பா, தாத்தா எல்லாரும் பந்தயக்காரர்கள். இருவரும் கார்ட்டில் தொடங்கி, இங்கேயே எல்லாரும் ஒரே மாதிரி ஃபோக்ஸ்வாகன் போலோ கார் ஓட்டுகிற போலோ கோப்பையில் ஓட்டி, ஜெர்மனி போனார்கள். அண்ணன் கெல்வின் 2013இல் அதே மாதிரியான சிரோக்கோ கார் கோப்பையை வென்று, அடுத்த வருஷமே பதினெட்டு வயசில் ரெனே ராஸ்டோடு சேர்ந்து ஜெர்மனியின் ஜிடி மாஸ்டர்ஸ் என்கிற ஸ்போர்ட்ஸ் கார் தொடரின் பட்டத்தை எடுத்தார். அவன் சொன்னதற்குப் பிறகு நடந்ததையும் சேர்த்துவிடுகிறேன்: தம்பி ஷெல்டன் 2022இல் டிடிஎம் என்கிற ஜெர்மன் கார் பந்தயத் தொடரில் சாம்பியன். அந்தப் பட்டம் வென்ற முதல் தென்னாப்பிரிக்கர். இந்த வருஷம் பிப்ரவரியில் அண்ணனும் தம்பியும் ஒரே பிஎம்டபிள்யூவில் ஏறி ஆஸ்திரேலியாவில் பாதர்ஸ்ட் 12 மணி நேரத்தை ஜெயித்தார்கள். அன்றைக்குப் பேரன், "அவர்கள் ஃபார்முலா ஒன்னுக்குப் போகவில்லை தாத்தா, ஆனால் கார் கம்பெனி சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறது" என்றான். நான் அன்றே ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

போலோ கோப்பையில் இரண்டு பருவம். முன்சக்கரம் இழுக்கிற கார், அதில் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு ஐரோப்பா, ஜிடி4 என்கிற ஸ்போர்ட்ஸ் கார் பிரிவு. அங்கேதான் கார்ட்டில் கற்றதில் பாதியை மறக்க வேண்டி வந்தது. அவன் ஓட்டிய கார்ட்டில் பிரேக் பின்பக்கம் மட்டும்தான். ஓங்கி மிதித்தால் சுழன்று போகும், அதனால் பூப்போல மிதித்துப் பழகின கால். ஜிடி காரில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ் இருக்கிறது. முதலில் பலங்கொண்டு மிதித்து, வளைவுக்குள் நுழைய நுழைய மெல்ல மெல்ல விட வேண்டும். இடது காலால் பிரேக் பிடிக்கிற பழக்கம் மட்டும் அப்படியே கைகொடுத்தது.

இனி உன் சோற்றுக் கேள்விக்கு வருகிறேன். உலகக் கார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ ஓட்டுநர்களைப் பிளாட்டினம், தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரிக்கிறது. வெண்கலத்தில் பெரும்பாலும் வயசு கடந்து ஓட்ட வந்த வியாபாரிகள். பிரான்ஸின் பேர்போன 24 மணி நேரப் பந்தயமான லெ மானிலேயே 2024இலிருந்து ஜிடி4ஐ விட வேகமான ஜிடி3 பிரிவில் ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கலக்காரர் இருந்தாக வேண்டும். கார் செலவை இழுப்பது பல இடங்களில் அவர் பணம்தான். கார்களையோ எடை கூட்டி, பவர் குறைத்து, ஒன்றுக்கொன்று சமமாக்கி விடுகிறார்கள். ஆக, அந்த வியாபாரிக்குப் பக்கத்தில் நிற்க வேகமான, பொறுமையான சின்னப் பையன் ஒருவன் வேண்டும். என் பேரன் வெள்ளி. அவனுக்குச் சம்பளம் கொடுப்பவருக்கு ஐம்பத்து மூன்று வயசு, காரில் அவருடைய கூட்டாளியும் இவன்தான், அவருக்கு ஓட்டச் சொல்லிக்கொடுப்பதும் இவன்தான். ஓட்டம் முடிந்து இருவரும் கணினித் திரையில் பிரேக் கோடுகளை ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார்களாம். "அவர் என்னை விட ஒரு சுற்றுக்கு மூன்று விநாடி பின்னால். போன பருவத்தில் ஏழு விநாடி" என்று அவன் சொல்லும்போது குரலில் இருந்த சந்தோஷம், தான் ஜெயித்தபோதுகூட நான் கேட்டதில்லை. உன் பழைய மாணவர்களைப் பற்றி நீ பேசுவது மாதிரியே இருந்தது.

அங்கே வருவதற்குமுன் ஒரு கெட்ட இரவு இருந்தது. போன வருஷம், அவனுடைய முதல் நீண்ட பந்தயம். மூன்று பேருக்கு ஒரு கார். இவன்தான் தொடங்கினான். முதல் மணி நேரத்திலேயே, தேவையில்லாத ஒரு இடைவெளியில் புகுந்து, சஸ்பென்ஷன் முறிந்து நின்றான். மற்ற இரண்டு பேரும் ஒரு சுற்றுகூட ஓட்டவில்லை. ராத்திரி எனக்குப் போன் செய்தான், அழுதான். என்ன சொல்வது என்று தெரியாமல் நரேன் கார்த்திகேயன் கதையைச் சொன்னேன். நம் கோயம்புத்தூர்க்காரர், ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியர். 2009இல் லெ மான் ஓட ஒரு ஆவ்டியில் இடம் கிடைத்தது. பந்தயம் தொடங்கும் முன் பிட் சுவரைத் தாண்டுகையில் தோள் மூட்டு நழுவிவிட்டது. மூன்று பேர் ஓட்ட வேண்டியதை மற்ற இருவரே இரவும் பகலுமாக மாற்றி மாற்றி ஓட்டி முடித்தார்கள். அதில் ஒருவர் ஆந்த்ரே லொட்டெரர். அடுத்த வருஷமே ஆவ்டி அவரைத் தன் அணிக்கு எடுத்துக்கொண்டது. 2011, 2012, 2014 என்று மூன்று தடவை லெ மான் வென்றார். விழுந்த இடத்திலும் யாருக்காவது வழி திறக்கும் என்று தேற்றத்தான் சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "அன்றைக்கு நரேனுக்கு எப்படி இருந்திருக்கும் தாத்தா? ஹெல்மெட்டை வைத்துக்கொண்டு சும்மா நிற்கிறது?" என்றான். மறுநாள் விடியுமுன் அந்த இரண்டு பேரின் அறைக் கதவையும் தட்டி மன்னிப்புக் கேட்டிருக்கிறான். அந்த இருவரில் ஒருவர்தான் இந்த வியாபாரியிடம் இவன் பெயரைச் சொன்னவர்.

ஊரில் உறவுக்காரர்களுக்கு இதெல்லாம் புரிந்தது ஜனவரியில்தான். அஜித்குமாரின் அணி துபாய் 24 மணி நேரத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபோது, தமிழ் எழுத்துக்கூட்டத் தெரியாத பிள்ளைகள்கூட அந்த வீடியோவைக் காட்டி "உங்கள் வீட்டு அண்ணன் செய்வது இதுதானா?" என்று கேட்டார்கள். என் மனைவி அன்றைக்குத் தெருவுக்கே பிரியாணி போட்டாள்.

செப்டம்பர் கடைசியில் பார்சலோனாவில் 24 மணி நேரம். காருக்கு நாலு பேர். ஜூலையில் வீட்டுக்கு வந்திருந்தபோது, பட்டறையில் ஒரு பழைய சீட்டை மரச் சட்டத்தில் முடுக்கி, அவனும் அவன் அப்பாவும் ஏறி இறங்கிப் பழகினார்கள். அப்பா ஏறுவார், இவன் குனிந்து தோள் வாரையும் இடுப்பு வாரையும் பூட்டி, ரேடியோ ஒயரைச் சொருகி, தண்ணீர்க் குழாயை மாட்டிவிடுவான். நான் கடிகாரம் பிடித்தேன். முதல் நாள் நாற்பத்தொரு விநாடி. அவன் கிளம்புகிற அன்றைக்கு இருபத்தாறு.

பந்தயம் இணையத்தில் நேரலையாக வரும். கண் ஆறிவிட்டதல்லவா, இந்தத் தடவை நீ தூங்கக் கூடாது. வெள்ளிக்கிழமையே பஸ் ஏறி வந்துவிடு. மகன் வந்து உன்னை ஸ்டேஷனில் கூட்டிக்கொள்வான். மீன் குழம்பும் கண் மாத்திரையும் இருக்கும், நீ போர்வை மட்டும் கொண்டு வா, எங்களிடம் இருப்பது உனக்குக் குட்டை.

உன்,
சாட்ஸ்வொர்த்துக்காரன்