பெயர் சொல்லாமல் வழிகாட்டியவருக்கு நன்றி

1989 முதல் 1997 வரை வந்த மாஸ்டா மியாட்டா காரில் பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர்பாக்ஸையும் இணைக்கும் கூடு) அடியில் ஆயில் சொட்டினால், "ரியர் மெயின் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும்" என்றுதான் முதலில் சொல்வார்கள். (கிராங்க்ஷாஃப்டின் பின்முனையில் ஆயிலைத் தடுக்கும் வளையம்தான் அந்த சீல்.) என் வண்டியிலும் அப்படிச் சொட்டியபோது, "இறக்காதீங்க, முதல்ல மேலே பாருங்க" என்ற உங்களுக்கு மனமார்ந்த நன்றி, அண்ணா.

சிலிண்டர் ஹெட்டின் பின்முனையில், ஃபயர்வாலை (எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்பு) ஒட்டி இருப்பது கேம் ஆங்கிள் சென்சார்; கேம்ஷாஃப்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அதன் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) சூட்டில் இறுகிப்போனால் ஆயில் பின்பக்கமாக வழிந்து பெல் ஹவுசிங்கில் இறங்கும். பார்த்தால் அசல் ரியர் சீல் கசிவேதான். பிரேக் கிளீனரால் துடைத்து, சற்று ஓட்டி, சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்துப் பார்த்தால் குட்டு வெளிப்படும். வால்வ் கவர் கேஸ்கெட்டின் பின்மூலைகளையும் பார்க்கச் சொன்னீர்களே, அதுவும் சரி. இரண்டும் சேர்ந்தே கசிவதுண்டு.

சென்சாரைப் பிடிப்பது ஒரே ஒரு 12 மி.மீ. போல்ட். கண்ணுக்குத் தெரியாது, கைதடவித்தான் கழற்ற வேண்டும். அதற்கு முன் சென்சாருக்கும் ஹெட்டுக்கும் குறுக்கே ஒரு கோடு கீறிக்கொள்ளும்படி நீங்கள் சொன்னதுதான் பொன்னான யோசனை. சென்சார் சற்றுத் திரும்பினாலும் இக்னிஷன் டைமிங் (ஸ்பார்க் விழும் நேரம்) மாறிவிடும். புது ஓ-ரிங்கில் எஞ்சின் ஆயில் தடவி, கோடு பொருந்த மாட்டி, எஞ்சின் சூடானதும் டயக்னாஸ்டிக் பெட்டியில் டி.இ.என்., ஜி.என்.டி. என்று குறித்த இரண்டு முனைகளையும் ஒயரால் இணைத்து, டைமிங் லைட்டில் 10 டிகிரி காட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு ஒயரை எடுக்க மறக்கக் கூடாது.

ஆயில் பட்டு ஊறிய ஹீட்டர் ஹோஸையும் கையோடு மாற்றச் சொன்னீர்கள். மாற்றியாயிற்று, அண்ணா.