முப்பதுக்குப் பூஜ்ஜியம்: பேஸ்பால் முதலாளிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

மேஜர் லீக் பேஸ்பாலின் முப்பது அணிகளையும் கையில் வைத்திருக்கும் முதலாளிமார்களுக்கு, வணக்கம்.

இந்தக் கடிதம் தமிழில் இருப்பதால் உங்களில் யாரும் இதைப் படிக்கப்போவதில்லை. ஆங்கிலத்தில் எழுதியிருந்தாலும் படித்திருக்க மாட்டீர்கள், அதனால் எனக்கு நட்டம் ஒன்றும் இல்லை. கலிஃபோர்னியாவில் குடியேறி இத்தனை வருடம் ஆகியும் எனக்குக் கணக்குப் போடுவதும் கோபம் வருவதும் தமிழில்தான். எங்கள் ஓக்லண்ட் அணியை ஊரை விட்டு அனுப்பினீர்களே, உண்மையைச் சொன்னால் அதில் இப்போது கோபம்கூட இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

2025 ஜூலையில் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு பையன், "சார், உங்களுக்கு பேஸ்பால் பிடிக்குமாமே, இந்த வருடம் நம் பிரிவில் யார் முன்னால் இருக்கிறார்கள்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு என் இடத்துக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக, ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, காலையில் பல் துலக்குவதற்கு முன் நான் பார்க்கிற முதல் விஷயம் அந்தப் புள்ளிப் பட்டியல்தான். அதை எப்போது பார்க்காமல் விட்டேன் என்றுகூட நினைவில்லை. வேண்டாம் என்று முடிவெடுத்து விடவில்லை. பார்க்க மறந்துபோயிருக்கிறேன்.

நான் 1998-ல் இங்கே வந்தேன். 2000-ம் ஆண்டு பிறக்கும்போது கணினிகள் குழம்பிவிடாமல் பார்க்கும் ஒய்டூகே வேலைக்காக விமானம் விமானமாக ஆள் இறங்கிய காலம். ஓக்லண்டுக்குத் தெற்கே ஃப்ரீமாண்டில் வீடு. பக்கத்து வீட்டுக்காரர் கார் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவனுக்கு பேஸ்பால் முதலில் எப்படித் தெரியும் என்று உங்களுக்குத் தெரியாது, சொல்கிறேன். பந்து தரையில் பட்டு வந்தால் அது மோசமான பந்து. ஃபீல்டர் எல்லோர் கையிலும் முறம் மாதிரி ஒரு கையுறை. சேப்பாக்கத்தில் வெறுங்கையில் கேட்ச் பிடிப்பதைப் பார்த்தவனுக்கு இது ஏதோ ஏமாற்று வேலையாகப் பட்டது. மூன்று மணி நேரம் உட்கார்ந்தும், பந்து வீசும் பிட்சர் தொப்பியைச் சரிசெய்வதைத் தவிர ஒன்றும் நடந்த மாதிரி தெரியவில்லை.

பெரியவர் ஒரு நாள் என் கையில் ஒரு நோட்டைக் கொடுத்து ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்தார். களத்தில் ஒவ்வொரு இடத்துக்கும் ஓர் எண். பிட்சர் 1, அடிப்பவருக்குப் பின்னால் உட்காரும் கேட்சர் 2, இரண்டாம் மூன்றாம் பேஸுக்கு (ஓடித் தொட வேண்டிய இடங்களுக்கு) நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. "6-4-3" என்று எழுதினால் ஷார்ட்ஸ்டாப் எடுத்து, இரண்டாம் பேஸில் நிற்பவருக்கு வீச, அவர் முதல் பேஸுக்கு வீச, ஒரே பந்தில் இரண்டு பேர் அவுட். மூன்று எண்ணில் ஒரு முழுக் காட்சி. அன்றைக்கு விழுந்தேன். எழுத ஆரம்பித்ததும் ஒன்றும் நடக்காத நேரம் என்று ஒன்று இல்லாமல் போய்விட்டது.

ஃப்ரீமாண்டில் பார்ட் ரயில் ஏறினால் அரை மணிக்குள் கொலிசியம் நிறுத்தம். இறங்கி நடைபாலம் தாண்டினால் ஓக்லண்ட் அத்லெடிக்ஸ், சுருக்கமாக ஏஸ், அணியின் மைதானம். அழகான மைதானம் என்று பொய் சொல்ல மாட்டேன். 1966-ல் திறந்த கான்கிரீட் கிண்ணம் அது. அமெரிக்க ஃபுட்பால் அணிக்காகத் தொண்ணூறுகளில் எழுப்பிய பெரிய சுவர் போன்ற பார்வையாளர் மாடம் பின்னால் தெரிந்த மலையை மறைத்துவிட்டது. சாக்கடை அடைத்துக்கொண்டு வீரர்கள் அறைக்குள் தண்ணீர் வந்தது நாடே சிரித்த செய்தி. ஆனால் வலப்பக்கக் கடைசி வரிசைகளில் மேளம் அடிப்பார்கள். நல்ல மேளம். ஊர்த் திருவிழாவில் நிற்கிற மாதிரி இருக்கும். புதன்கிழமைகளில் ஹாட் டாக் ஒரு டாலர். நான் புளியோதரை கொண்டுபோவேன், பெரியவருக்கும் சேர்த்து.

2002 செப்டம்பர் 4. ஓக்லண்ட் ஏஸ் அதற்கு முன் 19 ஆட்டம் தொடர்ந்து வென்றிருந்தது. அன்று 55,000 பேர். மூன்றாவது இன்னிங்ஸ் முடிவதற்குள் கேன்சஸ் சிட்டிக்கு எதிராக 11-0. மறுநாள் வேலை இருக்கிறது, கிளம்பலாமா என்று கேட்டேன். கடைசி அவுட் விழாமல் எழுந்திருக்கக் கூடாது என்றார் பெரியவர், ஏதோ கோயில் விதி மாதிரி. அப்புறம் அவர்கள் துரத்திவந்து கடைசியான ஒன்பதாவது இன்னிங்ஸில் 11-11 ஆக்கிவிட்டார்கள். பெரியவர் முகத்தைப் பார்க்கவே முடியவில்லை. அதே இன்னிங்ஸில் எங்கள் அணி அடிக்கும் கீழ்ப்பாதியில் ஸ்காட் ஹேட்டபர்க் மாற்று பேட்டராக இறங்கி, பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி ஒரு ஹோம் ரன் அடித்தார். 12-11. இருபதாவது வெற்றி. என் நோட்டில் அந்தப் பக்கம் மட்டும் பேனா கிழித்து ஓட்டையாகியிருக்கிறது.

அந்த அணி 2000 முதல் 2003 வரை நான்கு வருடமும் பிளே ஆஃபின் முதல் சுற்றில், ஐந்தாவது ஆட்டம் வரை இழுத்துப்போய்த் தோற்றது. நான்கு வருடமும்! வேறு யாராவது என்றால் அப்போதே விட்டிருப்பார்கள். எனக்கு அது ஒட்டுதலை அதிகமாக்கியது. வருடத்துக்கு 162 ஆட்டம் இருக்கிற விளையாட்டில் ஒரு தோல்விக்குத் துக்கம் அனுஷ்டிக்க நேரமில்லை, மறுநாளே அடுத்த ஆட்டம் வந்துவிடும். ஊரை விட்டு வந்தவனுக்கு தினமும் ஒன்று வந்துகொண்டே இருப்பது பெரிய ஆறுதல்.

இப்போது நீங்கள் நினைக்கிற காரணங்களுக்கு வருகிறேன். ரசிகர்கள் ஏன் போகிறார்கள் என்று நீங்களும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

ஊக்கமருந்தா? 1998-ல் மார்க் மெக்வயர் 70 ஹோம் ரன் அடித்தபோது பெரியவர், "எங்கள் பையன், போன வருடம்தான் விற்றுத் தொலைத்தார்கள்" என்று புலம்பினார். 2010-ல் மெக்வயர் மருந்து எடுத்ததை ஒப்புக்கொண்டபோது இரண்டு நாள் பேசாமல் இருந்தார், மூன்றாம் நாள் ஆட்டத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார். ஹூஸ்டன்காரர்கள் 2017-ல் கேமரா வைத்து, எதிரணி கேட்சரின் சைகையைத் திருடி, குப்பைத் தொட்டியைத் தட்டித் தங்கள் பேட்டருக்குச் சொல்லிக் கோப்பை வென்றார்கள். ஒரு வீரருக்கும் தண்டனை இல்லை, கோப்பையும் அவர்களிடமே இருக்கிறது. எரிச்சல்தான், ஆனாலும் பார்த்தேன். 2018-ல் முதல் முறையாக ஒரு சீசனில், அடித்துவிட்டு பேஸுக்கு ஓடிச்சேரும் ஹிட்களைவிட, அடிக்க முடியாமல் வெளியேறும் ஸ்ட்ரைக் அவுட் அதிகமானது. அதையும் பொறுத்துக்கொண்டேன். சூதாடியதற்காக பீட் ரோஸ் என்ற பெரிய வீரரை 1989-ல் ஆயுளுக்கும் தள்ளிவைத்த அதே விளையாட்டு, இன்று இன்னிங்ஸுக்கு இன்னிங்ஸ் பந்தய விளம்பரம் போடுகிறது. சிரித்துக்கொண்டு பார்த்தேன்.

ஆட்டம் நீளம் என்பது காரணமே இல்லை. 2021-ல் சராசரியாக 3 மணி 10 நிமிடம் ஓடிய ஆட்டம், 2023-ல் இத்தனை நொடிக்குள் வீச வேண்டும் என்று பிட்சருக்குக் கடிகாரம் வைத்ததும் 2 மணி 40 நிமிடத்துக்கு வந்துவிட்டது. பழைய ஆட்கள் பலர் திட்டினார்கள். நான் பாராட்டுகிறேன். பிட்சர் கண்ணில் மண்ணைத் தூவி அடுத்த பேஸுக்கு ஓடிவிடும் 'பேஸ் திருடுவது' திரும்பி வந்தது, பந்துக்குப் பந்து வீணாக உலாத்துவது குறைந்தது. நீங்கள் செய்த மிக நல்ல காரியம் அது. என்ன கொடுமை பாருங்கள், நான் இங்கே வந்ததிலிருந்து ஆட்டம் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை. பார்க்கத்தான் எனக்கு ஆசை இல்லை.

கூடுதல் இன்னிங்ஸில் இரண்டாம் பேஸில் சும்மா ஓர் ஆளைக் கொண்டுபோய் நிறுத்துகிறீர்களே, அதை மட்டும் மன்னிக்க முடியாது. சரி, அது வேறு கதை.

2023 நவம்பர் 16. டெக்சாஸின் ஆர்லிங்டனில் கூடி, ஓக்லண்ட் அணியை லாஸ் வேகஸுக்கு மாற்றலாமா என்று வாக்கெடுத்தீர்கள். முப்பதுக்கு முப்பது. எதிர்த்து ஒரு வாக்குகூட இல்லை. வழக்கமாக இடம் மாறும் அணியிடம் வாங்கக்கூடிய கட்டணத்தையும் தள்ளுபடி செய்தீர்கள்.

ஓக்லண்டில் கூட்டம் வருவதில்லை என்பதுதான் சொன்ன காரணம். கூட்டம் எப்படிக் குறைந்தது? மேட் ஓல்சன், மேட் சாப்மன், ஷான் மர்ஃபி என்று நல்ல வீரர்களை ஒவ்வொருவராக வேறு அணிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். கொடுத்துக்கொடுத்து 2023-ல் 50 வெற்றி, 112 தோல்வி. கடையில் சரக்கை எடுத்துவிட்டு வாடிக்கையாளர் வரவில்லை என்று ஷட்டரை இறக்குவது எங்கள் ஊரிலும் உண்டு, அதற்கு வேறு பெயர் சொல்வோம். அந்த ஜூன் 13-ந்தேதி ரசிகர்கள் தாங்களே ஏற்பாடு செய்து 27,759 பேர் வந்து சேர்ந்தார்கள். அணியை 'விற்றுவிடு' என்று அதன் முதலாளிக்குப் பச்சைச் சட்டையில் எழுதிக்கொண்டு நானும் மகளும் போயிருந்தோம். இரண்டு நாள் கழித்து லாஸ் வேகஸ் இருக்கிற நெவாடா மாநிலத்தின் ஆளுநர் புது ஸ்டேடியத்துக்கு 38 கோடி டாலர் வரை பொதுப்பணம் தரும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். அதே நாளில் உங்கள் கமிஷனர், ஓர் இரவுக்காவது சராசரிக்குப் பக்கத்தில் கூட்டம் வந்தது நல்லதுதான் என்று சொன்னார். அந்தச் சொல்லில் இருந்த கேலி, மொழிபெயர்க்காமலே புரிந்தது.

இதற்கு முன்னால் இன்னொரு கதை உண்டு, எங்கள் ஆட்களுக்கு அது தெரிய வேண்டும். ஏஸ் அணி சான் ஹோசேவுக்கு வர ஆசைப்பட்டது. நம் மென்பொருள் ஜனம் பாதி குடியிருக்கிற பக்கம். அந்த ஊர் எங்கள் எல்லை என்று சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அணி மறித்தது. சான் ஹோசே மாநகராட்சி வழக்குப் போட்டது. 1922-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம், பேஸ்பால் என்பது மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் வணிகம் ஆகாது, அதனால் ஏகபோகத் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது என்று ஒரு தீர்ப்புக் கொடுத்திருக்கிறது. நூறு வருடமாக உங்களைக் காப்பாற்றுவது அந்தக் குடைதான். சான் ஹோசேவின் வழக்கு அதில் முட்டிக்கொண்டு 2015-ல் செத்துப்போனது. ஆக, ஐம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற பக்கத்து ஊருக்குப் போக முடியாத அணி, அடுத்த மாநிலத்துக்குப் போகலாம், அந்த மாநிலத்தின் பணத்தோடு. இருந்தாலும் இது மாநிலம் விட்டு மாநிலம் நடக்கும் வணிகம் இல்லை! இதை ஒரு திண்ணையில் சொன்னால் கேட்பவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சிரிப்பார்.

நண்பர்கள் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: வேறு அணியைப் பிடித்துக்கொள். பாலம் தாண்டினால் ஜயன்ட்ஸ் இருக்கிறது. லாஸ் ஏஞ்சலஸில் ஓதானி இருக்கிறார், வீசுவார், அடிப்பார், அவரைப் போல் ஒருவர் இனி வருவாரா தெரியாது. முயன்று பார்க்காமல் இல்லை. ஓர் அணியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று உட்காரும்போதெல்லாம் முப்பதுக்குப் பூஜ்ஜியம் என்ற அந்த ஸ்கோர்தான் முன்னால் வந்து நிற்கிறது. ஒரே ஓர் அணி, யாராவது ஒருவர், அது பெயருக்காகவே இருந்தாலும் சரி, 'வேண்டாம்' என்று வாக்களித்திருந்தால் இன்று அந்த ஊரின் தொப்பியைத்தான் போட்டிருப்பேன். மில்வாக்கியோ பிட்ஸ்பர்கோ, எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் தேடியாவது போட்டிருப்பேன். ஒதுங்க எனக்கு ஒரு திண்ணைகூட வைக்கவில்லை நீங்கள்.

2024 செப்டம்பர் 26, வியாழக்கிழமை மதியம், கடைசி ஆட்டம். 46,889 பேர். டெக்சாஸை 3-2 என்று வென்றோம். முடிந்ததும் யாரும் எழுந்திருக்கவில்லை. மேனேஜர் மார்க் காட்சே மைக்கை வாங்கி நன்றி சொன்னார். சிலர் மைதானத்து மண்ணைக் கொஞ்சம் வாங்கிக்கொண்டு போனார்கள். பெரியவர் அதைப் பார்க்க இருக்கவில்லை, 2019-லேயே போய்விட்டார். அவர் தெய்வமாக வைத்திருந்தவர் ரிக்கி ஹெண்டர்சன், ஓக்லண்டில் வளர்ந்த பிள்ளை, 1,406 பேஸ் திருடியவர். அந்தக் கடைசி ஆட்டம் முடிந்து மூன்று மாதத்துக்குள் அவரும் இறந்தார்.

இப்போது உங்கள் அணி சாக்ரமென்டோவில், சுமார் 14,000 பேர் கொள்ளும், மைனர் லீக் எனும் கீழ்மட்ட அணிகளுக்கான மைதானத்தில் ஆடுகிறது. பெயருக்கு முன்னால் ஊர் கிடையாது. வெறும் அத்லெடிக்ஸ். சட்டையின் ஒரு கைப்பக்கம் சாக்ரமென்டோவுக்கு ஒரு முத்திரை, இன்னொரு கைப்பக்கம் லாஸ் வேகஸுக்கு ஒன்று. ஊர் பேர் இல்லாதவன் என்று திட்டுவதற்குத்தான் எங்களிடம் வார்த்தை உண்டு. நீங்கள் அதையே அணிக்குப் பெயராக வைத்துவிட்டீர்கள். ஒரு ஆட்டத்தைத் தொலைக்காட்சியில் போட்டுப் பார்த்தேன். பச்சையும் தங்கமுமாக அதே உடை. நான்காவது இன்னிங்ஸில் சமையலறைக்குக் காபி போடப் போனேன், திரும்பி வந்து உட்காரவில்லை.

கேட்பதற்கு ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. 1996-ல் கிளீவ்லண்டின் ஃபுட்பால் அணி பால்டிமோருக்குப் போனபோது, பெயரையும் நிறத்தையும் பழைய கணக்கையும் கிளீவ்லண்டிலேயே விட்டுவிட்டுப் போனது. மூன்று வருடத்தில் அந்தப் பெயரில் புது அணி வந்தது. 2028-ல் லாஸ் வேகஸில் திறக்கும்போது நீங்களும் அதைச் செய்யுங்கள். அங்கே வேறு பெயர் வையுங்கள், ஆயிரம் பெயர் கிடைக்கும். 1968 முதல் 2024 வரையான ஓக்லண்டின் கணக்கை இங்கேயே விட்டுவிடுங்கள். இந்த அணி பிலடெல்பியாவிலும் கேன்சஸ் சிட்டியிலும் இருந்துவிட்டு வந்ததுதானே என்பீர்கள். உண்மைதான். அந்த ஊர்க்காரர்களும் அப்போது இப்படி ஒரு கடிதம் எழுதியிருப்பார்கள்.

மேற்கு ஓக்லண்டில் ரைமொண்டி பூங்காவில் பாலர்ஸ் என்று ஒரு சின்ன அணி ஆடுகிறது. உங்கள் லீக்கில் இல்லாத அணி. மகள் இரண்டு முறை கூப்பிட்டாள், ஏதோ சாக்குச் சொன்னேன். மூன்றாம் முறை அவள் என்னைக் கேட்கவில்லை, பரணிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டு, "6 யாருப்பா, ஷார்ட்ஸ்டாப்பா மூணாவது பேஸா?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன்.

இப்படிக்கு,
ஃப்ரீமாண்டிலிருந்து
ஓக்லண்டின் ரசிகன்