அடுப்பு மேடைக்குக் கல் எடுக்கும் முன்

கண்ணு,

நீ அனுப்பிய மூன்று படங்களையும் பார்த்தேன். அப்பாவிடமும் காட்டினேன். வெள்ளை மார்பிள்தான் அம்சமாக இருக்கிறது என்றார். அவருக்கென்ன, சொல்லிவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விட்டார். துடைக்கப் போவது நீ. போனில் பேசினால் பாதி மறந்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

மார்பிள் வேண்டாம். புளி, எலுமிச்சை, தயிர் எது பட்டாலும் பாலிஷ் செத்துவிடும். மஞ்சள் கறை உள்ளே இறங்கினால் போகவே போகாது. நம் வீட்டுக் கடப்பா மேடையில் புளிச்சட்டி வைக்கிற இடம் வட்டம் வட்டமாக வெளுத்திருக்கிறதே, அதே கதைதான். கடப்பாவும் சுண்ணாம்புக் கல் வகைதான்.

இரண்டாவது படத்தில் இருக்கும் குவார்ட்ஸ் அழகு, மறுக்கவில்லை. கறை அவ்வளவாகப் பிடிக்காது. ஆனால் அது மலையிலிருந்து அப்படியே பலகையாக அறுத்த கல் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு குவார்ட்ஸ் பொடியும் மீதிக்குப் பிசினும் சேர்த்து அழுத்திச் செய்வது. பிசின் சூடு தாங்காது. நீயோ குக்கரை இறக்கினால் கை போன இடத்தில் வைக்கிறவள். மாப்பிள்ளை தோசைக்கல்லையே வைத்துவிடுவார். ஒரு தடவை கருகி நிறம் மாறினால் அதை எடுக்க வழியில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அந்தக் கல்லை அறுக்கும்போது பறக்கும் தூசு, அறுக்கிறவரின் நுரையீரலைக் கெடுக்கிறது. சிலிகோசிஸ் என்பார்கள், குணமாகாத நோய். சின்ன வயது தொழிலாளிகளுக்கெல்லாம் வந்ததால் ஆஸ்திரேலியாவில் 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லைச் செய்யவும் விற்கவும் பொருத்தவும் தடை போட்டுவிட்டார்கள். கிரானைட்டிலும் அந்தத் தூசு உண்டு, அளவுதான் குறைவு. அதனால் எந்தக் கல் எடுத்தாலும் உன் பால்கனியில் வைத்துக் காய்ந்த கல்லை அறுக்க விடாதே. பட்டறையிலேயே தண்ணீர் விட்டு அறுத்துக் கொண்டுவரச் சொல்.

ஆக, கிரானைட். கிருஷ்ணகிரியில் வளர்ந்த பெண்ணுக்கு இதைக் கடிதம் போட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது! நம் பக்கத்து பாரடைசோ எனக்குப் பிடிக்கும், ஊதாவும் சிவப்பும் அலை அலையாக ஓடும். உன் சின்ன சமையலறைக்கு அது கண்ணை உறுத்தலாம். மூன்றாவது படத்தில் நீ அனுப்பிய பிளாக் கேலக்ஸியே போதும். ஆந்திராவில் ஓங்கோல் பக்கம் சீமகுர்த்தியில் எடுக்கிற கல், அந்தப் பொன் புள்ளிகள் கல்லோடு பிறந்தவை. ஒரே தொல்லை, தண்ணீர் காய்ந்த தடம் பளிச்சென்று தெரியும். ராத்திரி ஒரு தடவை துணி போட்டால் சரி.

கடைக்குப் போகும்போது பையில் ஒரு எலுமிச்சம்பழமும் நெயில் பாலிஷ் ரிமூவரும் வைத்துக்கொள். கல்லின் ஓரத்தில் சாறு விட்டு ஐந்து நிமிடம் பொறு, மங்கினால் அது கிரானைட்டே இல்லை. ரிமூவரை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேய். துணியில் கறுப்பு ஏறினால் சாயம் போட்ட கல், திரும்பிப் பார்க்காமல் வந்துவிடு. கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். கனம் 18 மி.மீ.க்குக் குறையக் கூடாது, ஓரத்தில் ஸ்கேல் வைத்துப் பார்.

கல் நல்லதாக இருந்தாலும் வேலை சொதப்பினால் போச்சு. சிங்க்குக்கு முன்னால் நாலு விரல் அகலத்துக்குத்தான் கல் மிஞ்சும், தூக்கும்போது அங்கேதான் உடையும். பலகையை நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும், படுக்கவைத்துத் தூக்கவே கூடாது. அடுப்புக்கு வெட்டும் ஓட்டையின் மூலைகளைக் கொஞ்சம் உருட்டச் சொல், கூர்மூலையிலிருந்துதான் விரிசல் கிளம்பும். இரண்டு பலகை சேரும் இணைப்பு சிங்க் பக்கம் வராமல் பார்த்துக்கொள். முன் ஓரத்துக்கு அடியில் நீளமாக ஒரு காடி, அதாவது சின்னப் பள்ளக் கோடு, போடச் சொல். வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும், கீழே இருக்கிற பிளைவுட் அலமாரிக்குப் போகாது. பெரும்பாலான மேஸ்திரிகள் கேட்டால்தான் போடுவார்கள்.

உயரம் உன் கணக்குத்தான், மேஸ்திரி கணக்கு இல்லை. முழங்கையை மடக்கி நில், அதற்கு நாலு அங்குலம் கீழே மேடை. உன் மாமியாரும் சமைப்பார் என்றால் அவரையும் ஒரு தடவை நிற்க வைத்துப் பார்த்துவிடு. பிறகு தோள் வலி என்று இரண்டு பேரும் என்னிடம் சொல்லக் கூடாது.

சிங்க்குக்கு வெட்டி எடுத்த துண்டைக் கேட்டு வாங்கிக்கொள். சதுர அடிக் கணக்கில் அதற்கும் சேர்த்துத்தான் காசு வாங்கியிருப்பார்கள். ஓரத்தைத் தேய்த்துக் கொடுத்தால் சப்பாத்தி தேய்க்க ஆகும்.

அம்மா