டாங்கி ஆட்டத்தில் இது யார் முறை?

அன்புள்ள முரளி,

உன் கடிதமும் அதோடு வந்த கேள்விகளும் கிடைத்தன. பன்சர்பிளிட்ஸ் என்ற பழைய டாங்கிப் போர்ப் பலகை ஆட்டத்தின் பெட்டியை வைத்துக்கொள்வதா, விற்றுவிட்டு ஜிஎம்டி நிறுவனத்தின் ‘பன்சர்’ வாங்குவதா என்று கேட்டிருக்கிறாய். விற்காதே. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

நீ ஒப்பிட்டிருப்பதெல்லாம் கவச எண்களை. பழையதில் ஜெர்மன் டைகர் டாங்கிக்கும் சோவியத் டி-34க்கும் உள்ள இடைவெளி சரியாகத் தெரியவில்லை, புதியதில் முன்பக்கம் பின்பக்கம் என்று தனித்தனிக் கணக்கு இருக்கிறது என்கிறாய். உண்மைதான். ஆனால் எனக்கு அது இரண்டாம் பட்சம். ஒருவன் நகரும்போது மற்றவன் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா, ஏதாவது செய்ய முடியுமா? டாங்கி ஆட்டத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

பன்சர்பிளிட்ஸ் 1970இல் அவலான் ஹில் வெளியிட்டது, ஜிம் டன்னிகன் வடிவமைத்தது. ஒரு ஹெக்ஸ், அதாவது பலகையின் அறுகோணக் கட்டம், 250 மீட்டர்; ஒரு சுற்று 6 நிமிடம். படையைக் குறிக்கும் அட்டைத் துண்டுதான் சில்லு: ஜெர்மன் சில்லு ஒரு பிளட்டூன் (சில வண்டிகள் கொண்ட சிறு பிரிவு), சோவியத் சில்லு அதைவிடப் பெரிய ஒரு கம்பெனி. உன் முறை வந்தால் முதலில் சுடுவாய், பிறகு நகர்த்துவாய். சுட்ட சில்லு நகராது. காட்டிலோ ஊரிலோ நிற்கும் சில்லைச் சுட வேண்டுமென்றால் உன் சில்லு ஒன்று அதற்கு அடுத்த ஹெக்ஸில் இருக்க வேண்டும். இந்த இரண்டு விதியும் சேர்ந்தால் என்ன ஆகும்? எதிரி தன் முறையில் காட்டிலிருந்து வெட்டவெளிக்கு வந்து, உன் துப்பாக்கி வாய்க்கு முன்னாலேயே ஓடி, அடுத்த காட்டுக்குள் புகுந்துவிடுவான். உன் முறை வரும்போது அவன் கண்ணில் இல்லை. ‘பன்சர்புஷ்’ என்று கிண்டலாகச் சொல்வது இதைத்தான். 6 நிமிடத்தில் ஒரு டாங்கி கம்பெனி திறந்த வயலைக் கடந்தால் எதிரே நிற்பவன் வேடிக்கை பார்க்க மாட்டான். குறை முறை வரிசையில் இருக்கிறது. கவச எண்ணை எவ்வளவு திருத்தினாலும் இது போகாது.

1974இல் இதன் அடுத்த ஆட்டமாக வந்த பன்சர் லீடர், காத்திருந்து சுடும் விதியைச் சேர்த்தது. காட்டிலிருந்து சுட்டவன் கண்ணுக்குத் தெரிந்துவிடுவான் என்பதையும் சேர்த்தது. உன் பன்சர்பிளிட்ஸிலும் இதைச் செய்துகொள்ளலாம். நான் சொல்லும் வீட்டு விதி இது. தன் முறையில் சுடாமலும் நகராமலும் இருந்த சில்லு மட்டும் எதிரி முறையில் ஒரு தடவை சுடலாம். எதிரிச் சில்லு உன் பார்வைக்கோட்டுக்குள் தன் நகர்வுப் புள்ளியில் கால் பங்கைச் செலவழித்த உடனே நிறுத்தச் சொல்லலாம். பின்னம் வந்தால் மேல் எண்ணுக்கு ஏற்று, அதாவது 10 புள்ளி வண்டிக்கு 3. நின்ற ஹெக்ஸிலேயே பகடை உருட்டு. சிதறல் (அழியாமல் நிலைகுலைவது) வந்தால் அங்கேயே நிற்கும், தப்பினால் மிச்சத்தை ஓடும். சுட்ட சில்லைக் கால் வட்டம் திருப்பி வை. இந்த ஆட்டத்தில் சில்லுக்கு முன்பக்கம் பின்பக்கம் கிடையாது, அதனால் வேறு அடையாளம் தேவைப்படாது.

இதிலும் ஒரு தந்திரம் நுழையும். எதிரி முதலில் வெறும் லாரியை ஓட்டி உன் குண்டை வீணாக்கப் பார்ப்பான். அதற்கு மருந்து ஆட்டத்திலேயே இருக்கிறது. ‘ஏ’ வகை ஆயுதம், அதாவது கவசம் துளைக்கும் பீரங்கி, கவசமில்லாத இலக்கைச் சுட்டால் பலம் பாதியாகும்; கவச வண்டியைப் பாதித் தூரத்துக்குள் சுட்டால் இரட்டிப்பாகும். ஆகவே லாரியை ‘ஐ’ (காலாட்படை) அல்லது ‘எச்’ (வெடிகுண்டு வீசும் பீரங்கி) வகைக்கு விட்டுவிட்டு, ‘ஏ’ வகை பொறுமையாக இருக்கட்டும். இரண்டு ஆட்டம் ஆடினால் கை பழகிவிடும்.

இப்போது உன் டைகர் விவகாரம். டி-34 உடலின் முன்தகடு 45 மில்லிமீட்டர்தான், ஆனால் செங்குத்திலிருந்து 60 பாகை சாய்ந்தது. நேராக வரும் குண்டுக்கு அது 90 மில்லிமீட்டர் தடிப்பு. டைகரின் முன்தகடு 100, பக்கம் 80, கிட்டத்தட்ட நிமிர்ந்தே நிற்கும். டி-34இன் 76 மில்லிமீட்டர் பீரங்கிக்கு 500 மீட்டரில் அந்தப் பக்கத் தகடே கஷ்டம், முன்பக்கம் வீண் முயற்சி. பன்சர்பிளிட்ஸில் பல சில்லுகளின் தாக்கு எண்ணைக் கூட்டி ஒரே இலக்கின் மேல் போடலாம் என்பதால், துளைக்காத பத்துக் குண்டு துளைக்கும் ஒரு குண்டுக்குச் சமமாகிவிடுகிறது. இதைத்தான் நீ குறையாகச் சொல்கிறாய். நான் முழுக்க ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு ஹெக்ஸ் 250 மீட்டர் என்னும்போது, பத்து டாங்கி ஆறு நிமிடத்தில் பக்கவாட்டுக்கு வந்து சங்கிலியை உடைப்பதும் அந்தக் கூட்டலுக்குள் அடங்கும். தனித்தனி வண்டியாக ஆடும் ஆட்டத்தில்தான் அந்தச் சாக்கு செல்லாது.

தனி வண்டி என்றால் பழையவற்றிலேயே ஆழமானவை உண்டு. 1975இன் டொப்ருக், ஹால் ஹாக் வடிவமைத்தது: வெறும் பாலைவனம், ஒவ்வொரு குண்டுக்கும் பகடை, பட்ட இடத்துக்கு இன்னொரு பகடை. கணக்கு நேர்த்தி, கைதான் வலிக்கும். 1985இன் அட்வான்ஸ்டு ஸ்குவாட் லீடர் அதை அழகாகச் சுருக்கியது. வண்ணப் பகடை ஒன்று, வெள்ளை ஒன்று. அதே வீச்சில் வண்ணம் வெள்ளையைவிடக் குறைந்தால் பீரங்கி இருக்கும் சுழல் கோபுரத்தில் பட்டது, இல்லாவிட்டால் உடலில். 36 வாய்ப்பில் 15 கோபுரம், 21 உடல். மேட்டுக்குப் பின்னால் உடலை மறைத்து நிற்கும் வண்டிக்கு உடலில் படுவதெல்லாம் தவறிய குண்டு. தனி அட்டவணை ஒன்றும் இல்லாமலே மறைவின் மதிப்பு வந்துவிடுகிறது. இதைவிடச் சிக்கனமான விதியை நான் புதியவற்றில் பார்க்கவில்லை.

இனி ‘பன்சர்’. புதியது என்கிறாய், ஜேம்ஸ் டே அதை 1979இல் யாக்விண்டோ நிறுவனத்துக்குச் செய்தார், 2012இல் ஜிஎம்டி திருத்தி வெளியிட்டது. 100 மீட்டர் ஹெக்ஸ், சதவீதப் பகடை, வண்டிக்கு ஒரு தகவல் அட்டை. அதன் உயிர் அட்டையில் இல்லை, கட்டளைச் சில்லில் இருக்கிறது. சுடு, நகர், சற்று நின்று சுடு, காவலாக நில் என்று ஒவ்வொரு வண்டிக்கும் முன்கூட்டியே தீர்மானித்துவிட வேண்டும். எதிரி என்ன வைத்திருக்கிறான் என்பது பிறகுதான் தெரியும். புதிதாக ஆடுபவர்கள் எல்லா வண்டியையும் காவலில் நிறுத்துவார்கள், இரண்டு பக்கமும் அசையாது, ஆட்டம் செத்துவிடும். ஐந்து வண்டிப் பிளட்டூனில் இரண்டு காவல், மூன்று நகர்வு என்று வை. மூன்றும் மறைவைப் பிடித்தபின் வேலையை மாற்று. தாக்குபவனுக்குப் புகைக்குண்டும் வேண்டும். அது இல்லாத சினாரியோவை (ஆட்டத்துக்கான போர்ச் சூழலை) ஆரம்பத்தில் எடுக்காதே.

புதியவற்றில் 2008இல் வந்த கான்ஃபிளிக்ட் ஆஃப் ஹீரோஸ் எனக்குப் பிடித்தது. நம் ஆடுபுலி ஆட்டம் மாதிரி, நீ ஒரு காரியம், நான் ஒரு காரியம். யாரும் ஒரேயடியாக வயலைக் கடக்க முடியாது, ஆகவே காத்திருந்து சுட ஒரு தனி விதியே தேவைப்படவில்லை. முதலில் ஒரு சில்லுக்கு 7 செயல் புள்ளி இருந்தது. மூன்றாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டு, ஒவ்வொரு செயலுக்குப் பிறகும் பத்துமுகப் பகடை போட்டுக் களைத்ததா என்று பார்க்க வைத்தார்கள். எண்ணி வைக்கும் வேலை போயிற்று, இன்னும் ஒரு செயல் மிச்சமிருக்கும் என்ற நிச்சயமும் போயிற்று.

மினியேச்சர், அதாவது சிறு பொம்மை டாங்கிகளை வைத்து ஆடும் பக்கம் போனால் 2018இன் ‘வாட் எ டாங்கர்’. ஆறு பகடை: 1 ஓட்டு, 2 இலக்கைக் காண், 3 குறி வை, 4 சுடு, 5 குண்டு நிரப்பு, 6 எதுவாகவும். ஆறிலும் 1-உம் 6-உம் வராமல் ஓட்டவே முடியாமல் போவது சுமார் 9 சதவீதம். அடி வாங்கினால் பகடை குறையும். மூன்றே பகடை மிஞ்சினால் அது 30 சதவீதம் ஆகிவிடும். வண்டிக்குள்ளிருக்கும் குழப்பம் இதில் நன்றாக வருகிறது, ஆனால் பிளட்டூன் நடத்துவது வராது. 2019இன் டாங்க் டூயலில் வரைபடமே கிடையாது, எல்லாம் சீட்டு. நான்கைந்து பேர் கூடும் மாலைக்கு அதை எடு, இருவருக்குச் சுவாரசியம் குறைவு.

வாங்குவதாக இருந்தால் ‘பன்சர்’ அடிப்படைப் பெட்டி மட்டும் போதும், விரிவாக்கப் பெட்டிகள் பிறகு பார்க்கலாம். சில்லு மூலைகளை 2 மில்லிமீட்டர் வெட்டியில் நறுக்கு, இல்லாவிட்டால் அடுக்கி எடுக்கும்போது பிசிறு மாட்டும். பன்சர்பிளிட்ஸ் பலகைகளைப் பிரித்துச் சேர்த்தால் மடிப்பில் எழும்பும். மேலே 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தாள் போடு. நேரில் கூட முடியாத மாதங்களுக்கு இணையத்தில் பலகை ஆட்டம் ஆட உதவும் ‘வாசல்’ (VASSAL) மென்பொருள் இலவசம், பன்சர்பிளிட்ஸ் தொகுப்பு அதில் இருக்கிறது.

வீட்டு விதியோடு ஒரு ஆட்டம் அதில் தொடங்கலாம். நீ சோவியத் பக்கம் எடு, அமைப்பை அனுப்பி வை; லாரிகளை எங்கே நிறுத்துகிறாய் என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
கோபாலன்