நான் இன்னும் கை தூக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மதமாற்றம் பற்றி உங்கள் கடிதப் பகுதியில் நடக்கிற சண்டையைப் படித்துக்கொண்டுதான் வருகிறேன். மாற்றுகிறவர்கள் எழுதுகிறார்கள், தடுக்கிறவர்கள் எழுதுகிறார்கள், மாறலாமா வேண்டாமா என்று உட்கார்ந்து யோசிக்கிறவன் மட்டும் எழுதக் காணோம். சரி, அந்த ஆள் நான்தான்.

நான் தையல்காரன். முப்பது வருஷம் மீனாட்சி கோயிலுக்கு எதிரே இருக்கிற புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டிருந்தேன், இப்போது மற்றவர்களோடு சேர்ந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு வந்தாயிற்று. பங்குனி பிறந்துவிட்டால் எங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. சித்திரைத் திருவிழாவில் அழகர் ஆற்றில் இறங்குவதற்கு முன்னால், நேர்த்திக்கடனுக்குத் திரி எடுக்கிறவர்களுக்கும் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கும் சல்லடம், கச்சை, உருமால் என்று ஜிகினா வைத்துத் தைத்துக் கொடுத்தாக வேண்டும். என் பிழைப்பே அழகர் போட்டதுதான்.

இப்படிப்பட்டவனுக்கு இயேசு எங்கிருந்து வந்தார் என்று கேட்பீர்கள். வெள்ளை ஜிப்பா தைக்க வந்த ஒரு பெரியவர் உள்ளங்கை அகல புதிய ஏற்பாடு ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். ஒரு வார்த்தை பேசவில்லை, கூட்டத்துக்கு வா என்று கூப்பிடவில்லை, அதனாலேயே எடுத்துப் படித்தேன் என்று நினைக்கிறேன். மாற்கு இரண்டாம் அதிகாரத்தில், பழைய துணியில் கோடித்துண்டை வைத்துத் தைக்காதே, புதுசு பழசை இழுத்துக் கிழித்துவிடும் என்று இயேசு சொல்கிற இடம் வந்தது. எங்கள் கடையில் புதிதாக வேலைக்குச் சேரும் பையனுக்கு முதல் வாரத்தில் சொல்லித்தருகிற பாடம் இது! நனைத்துக் காயப்போடாத காட்டன் முதல் சலவையில் சுருங்கும், சுருங்கும்போது பக்கத்துத் துணியையும் சேர்த்து இழுக்கும். தச்சு வேலை பார்த்தவருக்கு இது எப்படித் தெரிந்தது என்று அன்று ராத்திரி படுத்தும் தூக்கம் வரவில்லை.

அப்புறம் யோவான் பத்தொன்பதாம் அதிகாரம். சிலுவையில் அறைந்த சேவகர்கள் அவருடைய துணிமணிகளை நாலு பங்காகப் பிரித்துக்கொள்கிறார்கள். உள்ளே போட்டிருந்த அங்கியைக் கிழிக்க மட்டும் மனசு வரவில்லை, ஏனென்றால் அதில் தையலே இல்லை, மேலிருந்து கீழ்வரை ஒரே நெசவு. சீட்டுப் போட்டு எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி ஒரு அங்கியை நெய்கிற கை சாதாரணக் கை இல்லை. அவருடைய அம்மாவாக இருக்குமோ என்று தோன்றியது. அவர் நெய்ததாக அதில் எழுதவில்லை, ஆனால் அந்தம்மாவும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார் என்று அடுத்த வரியிலேயே வருகிறது. அவருக்கு எதிரில் வைத்துச் சீட்டுப் போட்டிருக்கிறார்கள். அன்றிலிருந்து இந்த ஆளை என்னால் சும்மா விட முடியவில்லை.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை, ஒரு ஜெபக் கூட்டத்துக்குப் போனேன். கண்ணை மூடச் சொன்னார்கள், ஏற்றுக்கொள்கிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்றார்கள், மைக்கில் எட்டு, ஒன்பது, பத்து என்று எண்ணினார்கள். நான் தூக்கவில்லை. வாசலில் ஒரு தம்பி என் போன் நம்பரை வாங்கிக்கொண்டு, அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம் இருக்கிறது, மாற்றுத்துணி கொண்டுவாங்க அண்ணே என்றான். அழகர் உடுப்பு தைக்கலாமா என்று அங்கே கேட்டேன். அது பாவம், உடனே விட்டுவிடு என்றார் அந்தப் போதகர். இன்னொரு சபையில் கேட்டதற்கு, தொழில் வேறு விசுவாசம் வேறு, தைத்துக்கொள் என்றார் அங்கிருந்த ஐயர். (கிறிஸ்தவர்களிலும் ஐயர் உண்டு, சி.எஸ்.ஐ. சபைக்காரர்களைக் கேட்டால் தெரியும்.) விக்கிரகத்துக்குப் படைத்த கறியைத் தின்னலாமா கூடாதா என்று அதே புதிய ஏற்பாட்டில் பவுல் அப்போஸ்தலர் ஓர் அதிகாரம் முழுக்க மல்லுக்கட்டியிருக்கிறார். அவருக்கே அவ்வளவு வார்த்தை தேவைப்பட்டது, எனக்கு மட்டும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதுமா?

வீட்டிலோ நேர் எதிர். மச்சான் கேட்ட முதல் கேள்வி, எவ்வளவு தந்தாங்க. இருபது வருஷமாக என் கையில் சாப்பிட்ட மனுஷன் கேட்கிற கேள்வியா அது. கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் 2002ல் வந்தது, 2004ல் போனது, வந்தபோதும் போனபோதும் நான் காஜா எடுத்துக்கொண்டுதான் இருந்தேன். என்னை யாரும் கட்டாயப்படுத்தியதும் இல்லை, காசு கொடுத்ததும் இல்லை. ஜிப்பாவுக்குப் பேரம் பேசி இருபது ரூபாய் குறைத்தார் அந்தப் பெரியவர், அவ்வளவுதான்.

என் பக்கத்து மிஷின்காரர் கதை வேறு. எனக்கு முன்பே அவர் ஜெபம் செய்கிறவர், ஞானஸ்நானம் மட்டும் எடுக்கவில்லை. எடுத்தால் மகனுடைய எஸ்.சி. சான்றிதழ் போய்விடும். 1950ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணை அப்படி, பிறகு 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவரைச் சேர்க்கவில்லை. ஞாயிறு சாயங்காலம் இருட்டினபிறகு போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார். அவரைக் கோழை என்று பேசுகிற விசுவாசிகளுக்கு ஒன்று சொல்கிறேன், யோவானில் வருகிற யூதப் பெரியவர் நிக்கொதேமுவும் இயேசுவைப் பார்க்க ராத்திரியில்தான் போனார், இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை.

மதுரைக்கு இது புதுசும் இல்லை. 1606ல் ராபர்ட் தெ நொபிலி என்ற இத்தாலிக்காரர் இங்கே வந்தபோது, கிறிஸ்தவனாவது என்றால் பரங்கியாவது என்றுதான் ஜனங்கள் நினைத்தார்கள். அவர் காவி கட்டி, பாதக்குறடு போட்டு, மரக்கறி உணவோடு தத்துவ போதகர் என்ற பெயரில் சந்நியாசியாக இருந்துகாட்டினார். உடுப்பு விஷயத்தில் கெட்டிக்காரர்தான். ஆனால் உடுப்போடு சாதியையும் உள்ளே விட்டுவிட்டார், இன்றைக்கும் தமிழ்நாட்டில் சில கல்லறைத் தோட்டங்களில் சாதி பார்த்துத்தான் குழி. இதைக் கேட்டால் சபைக்காரர்களுக்குக் கோபம் வருகிறது. நான் பின்பற்ற யோசிப்பது தையலில்லாத அங்கி போட்டிருந்தவரை, அவர் பெயரில் சுவர் வைத்தவர்களை அல்ல.

கோபுரம் கட்ட நினைக்கிறவன் முதலில் உட்கார்ந்து செலவுக் கணக்குப் பார்க்க வேண்டாமா என்று லூக்கா பதினாலாம் அதிகாரத்தில் அவரே கேட்கிறார். உட்கார்ந்து என்பதுதான் எனக்குப் பிடித்த வார்த்தை. போதகர்மாரும் மச்சான்மாரும் கொஞ்சம் தள்ளி நின்றால் உட்கார்ந்து பார்ப்பேன். மாசி சிவராத்திரிக்கு உசிலம்பட்டிப் பக்கம் குலதெய்வக் கும்பிடு இருக்கிறது, அண்ணனிடம் வரிப்பணம் கொடுத்துவிட்டேன், போவேன். அங்கே எல்லாரும் கும்பிடும்போது என் வாயில் யார் பெயர் வருகிறது என்று எனக்கே பார்க்க வேண்டும்.

கடிதத்தைப் போட்டால் என் பெயரையும் கடைப் பெயரையும் விட்டுவிடுங்கள். பயம் ஒன்றும் இல்லை, இரண்டு தரப்பும் கடைக்கு வந்து நிற்கும், சித்திரை ஆர்டர் தலைக்கு மேல் கிடக்கிறது.

இப்படிக்கு,
ஒரு தையல்காரன்,
குன்னத்தூர் சத்திரம், மதுரை.